புள்ளியைப் பிள்ளைகள் இழுக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஸ்மார்ட் போட் (தொடுதிரைப் பலகை) திறப்பு விழா. வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் காசு சேர்த்து அனுப்பியது. மாலை, மங்கள விளக்கு, உரைகள் எல்லாம் முடிந்து முதற் பாடம் தொடங்கியது. புத்தகத்திலுள்ள தேற்றமும் நிறுவலும் அப்படியே பெரிய எழுத்தில் திரையில் வந்தன. பிள்ளைகள் கொப்பியில் பார்த்தெழுதினார்கள். அதற்கு வெண்கட்டி போதுமே!

நான் 31 வருடம் கணிதம் படிப்பித்தவன். நூலில் வெண்கட்டியைக் கட்டி வட்டம் கீறினேன். 1995 இடப்பெயர்வில் தென்மராட்சியில் மாமரத்தடி மண்ணில் தடியாலும் கீறினேன். எதில் கீறினாலும் புள்ளி கீறிய இடத்திலேயேதான் நிற்கும். "இந்த வில்லில் எங்கே புள்ளி எடுத்தாலும் கோணம் மாறாது" என்பேன். பிள்ளைகள் நம்பினார்கள், பார்க்கவில்லை.

போன கிழமை, பத்தாம் தரம் படிக்கும் பேத்தியிடம் என் போனில் ஜியோஜீப்ராவைத் திறந்து கொடுத்தேன். 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் தொடங்கிய, வடிவங்களைக் கீறி இழுத்துப் பார்க்கும் கணித மென்பொருள். மாணவருக்கு இலவசம், தரவிறக்கி வைத்தால் இணையமின்றியும் ஓடும். வட்டத்தில் ஒரு நாண். அதன் இரு முனைகளும் மையத்தில் அமைக்கும் கோணம் 80 பாகை, பரிதியிலுள்ள ஒரு புள்ளியில் அமைக்கும் கோணம் 40. புள்ளியை விரலால் இழுத்தாள். 40 அசையவில்லை. இன்னும் இழுத்தாள். நாணின் மறுபக்க வில்லுக்குப் போனதும் 140!

"அப்பப்பா, போன் பிழைச்சுப் போச்சு."

(அதற்கு முதல்நாள் நான் செய்து பார்த்தபோது 140க்குப் பதிலாக, வெளிப்பக்கக் கோணமான 220 காட்டியது. கோணத்தை 180க்குள் காட்டும்படி அமைப்பை மாற்றி வைத்தேன். ஆசிரியர்கள் கவனிக்கவும்.)

நான் வாய் திறக்கவில்லை. முன்னும் பின்னும் நாலைந்து தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "இரண்டையும் கூட்டினா 180 வருது" என்றாள். நாலு மூலையும் வட்டத்திலேயே இருக்கும் வட்ட நாற்பக்கலின் எதிர்க்கோணங்களின் கூட்டுத்தொகை! அந்தப் பாடத்தை நான் அவளுக்குத் தொடங்கவே இல்லை.

இது நிறுவல் ஆகாது, சரி. பரீட்சையில் நிறுவல்தான் எழுதவேண்டும். ஆனால் அன்றிரவு ஏன் 180 என்று கேட்டு என்னை நித்திரைகொள்ள விடாதவள் அவள்தான்.

பழைய மாணவர் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஒரு பெரிய திரைக்குப் பதிலாக, அந்தக் காசில் மலிவான டப்லெட்டுகள் வாங்குங்கள். நாலு பிள்ளைக்கு ஒன்று போதும். ஆசிரியர்களுக்குப் பழக்கிவிட ஆள் வேண்டுமென்றால், சனிக்கிழமைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கோண்டாவில்.