எளநீரோடு அப்பாவைப் பார்க்க வருகிற சொந்தங்களுக்கு

காவேரிப்பட்டணம் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, பங்காளி வீட்டார், அப்பாவோடு மண்டிக்குப் போய் வந்த நண்பர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

தனித்தனியாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "ஒரு எளநி குடிச்சா என்ன ஆயிடும்?" என்றுதான் ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். கேட்பதில் தப்பில்லை. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். என்ன ஆகும் என்பதை இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

போன மாம்பழ சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிறுநீரகம் கெட்டுப்போன அப்பாவுக்குச் சனிக்கிழமை டயாலிசிஸ் (மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) முடிந்தால் அடுத்தது செவ்வாய்தான். நான் துணி துவைக்கப் போயிருந்த நேரத்தில் இரண்டு எளநீரும் ஒரு சேந்தூரா மாம்பழமும் உள்ளே போய்விட்டன. வந்தவர் ஆசையாக நீட்டியதை வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. திங்கள் சாயங்காலம் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார். "காலு எழும்ப மாட்டேங்குதும்மா" என்றார். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். வழக்கமாகச் சின்ன மேடு போல இருக்கும் அலை, கூடாரம் மாதிரி கூராக எழும்பி நின்றது. ரத்தத்தில் பொட்டாசியம் 7.1. ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

பதினொன்றாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறவள் நான். செல்லின் சவ்வில் இருக்கிற சோடியம் பொட்டாசியம் பம்ப் என்று கரும்பலகையில் வருஷா வருஷம் அம்புக்குறி போடுகிறேன்: மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே, அதற்குக் கூலி ஒரு ஏடிபி, அதாவது செல்லுக்குச் சக்தி தரும் மூலக்கூறு. அந்தப் படத்தின் அர்த்தம் அன்றைக்கு அந்த ஈசிஜி தாளில்தான் எனக்கு உறைத்தது.

உடம்பில் இருக்கும் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளேதான் கிடக்கிறது. உள்ளே லிட்டருக்கு 140 மில்லிமோல் என்றால் வெளியே ரத்தத்தில் வெறும் நான்கு. சோடியம் இதற்கு நேர்மாறு: வெளியே 140, உள்ளே பத்துப் பன்னிரண்டு. சவ்வு வழியாக இரண்டும் எந்நேரமும் கசிந்துகொண்டே இருக்கும். கசிந்ததைப் பம்ப் திருப்பி இறைக்கும். நாம் சும்மா படுத்திருக்கும்போதுகூட உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு இந்த இறைப்புக்கே போகிறது. டென்மார்க்கில் ஸ்கௌ என்பவர் 1957-இல் நண்டுக் கால் நரம்பை அரைத்து இதைக் கண்டுபிடித்தார். நோபல் பரிசு 1997-இல்தான் வந்தது, நாற்பது வருஷம் கழித்து!

உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கிற அந்த வித்தியாசத்தில்தான் தசையும் இதயமும் ஓடுகின்றன. வெளியே இருக்கிற அந்த நான்கு, ஏழாக ஏறினால் வித்தியாசம் குறைந்து, செல்லின் மின்னழுத்தம் குலைந்துபோகும். கால் துவளும். இதயம் தாளம் தப்பும், நின்றும் போகலாம்.

இப்போது எளநீருக்கு வருகிறேன். ஒரு பெரிய டம்ளர் எளநீரில் சுமார் 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. செல்களுக்கு வெளியே நம் உடம்பில் இருக்கும் மொத்தப் பொட்டாசியமே இரண்டரை கிராம் அளவுதான். உங்களுக்கும் எனக்கும் கவலை இல்லை. பம்ப் கொஞ்சத்தைச் செல்லுக்குள் தள்ளிவிடும், மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். அப்பாவுக்கு அந்த இரண்டாவது வழி அடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மிஷின்தான் கதி.

அப்புறம் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் போட்ட அந்த இன்சுலின் விஷயம். "சுகரே இல்லாத மனுஷனுக்கு எதுக்கு இன்சுலின்?" என்று வார்டில் சத்தம் போட்ட மாமா இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். முதலில் நரம்பில் கால்சியம் ஏற்றினார்கள். அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தைக் கொஞ்ச நேரம் காபந்து பண்ணும். இன்சுலின் தசையில் இருக்கும் பம்பை முடுக்கிவிட்டுப் பொட்டாசியத்தை உள்ளே தள்ளும். கூடவே குளுக்கோஸ் ஏற்றியது சுகர் இறங்கிவிடாமல் இருக்க. இதெல்லாம் டயாலிசிஸ் தொடங்கும் வரைக்கும் தாக்குப்பிடிக்கத்தான். அவர்கள் செய்தது சரி மாமா.

இன்னொருவர் அக்கறையாக "சோடியம் கம்மி" உப்பு பாக்கெட் வாங்கி வந்தார். அந்த மாதிரி உப்பில் குறைத்த சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். பிபி மட்டும் இருப்பவருக்கு அது நல்லதாக இருக்கலாம், சிறுநீரகம் கெட்டவருக்கு ஆகவே ஆகாது. பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், பொடி எழுத்தில் போட்டிருக்கும். வாழைப்பழம், முருங்கைக்கீரை சூப்பு, சாத்துக்குடி ஜூஸ் எல்லாம் இதே கணக்குதான். வீட்டில் காய்களைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்கிறோம். "ருசியே இல்ல, சத்தெல்லாம் போச்சு" என்று அத்தை அங்கலாய்த்தார். போகட்டும் அத்தை, அந்தச் சத்து போகத்தான் அப்படிச் செய்கிறோம்.

ஏதாவது கொண்டு வந்தே தீர வேண்டும் என்றால் ஒரு ஆப்பிள் போதும். ஞாயிறு பத்து மணிக்கு மேல் வாருங்கள், அப்பா தெம்பாக இருப்பார். தோப்பில் காய்த்தது, கொடுக்காமல் மனசு கேட்காது என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கூடையை மட்டும் மாடிப்படிக்குக் கீழே, அப்பா கண்ணில் படாமல் வையுங்கள். சேந்தூரா வாசம் எப்படியும் கட்டில் வரைக்கும் வரும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பெண்