பவளத் தொட்டிக்கு வீட்டிலேயே கால்சியம்: கிராம் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் கால்சியக் கரைசலை வீட்டிலேயே தயாரித்துக்கொள்ளலாம் என்று உங்கள் வார இறுதிப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். அடிப்படைக் கருத்து முழுக்கச் சரி. கடையில் விற்கும் இறக்குமதிப் போத்தல்களில் பெரும்பாலும் இருப்பது மலிவான இரண்டு மூன்று உப்புகளும் தண்ணீரும்தான். ஆனால் கட்டுரையில் அளவுகள் எல்லாம் கரண்டியிலும் கோப்பையிலும் இருந்தன. அதை நம்பிப் பலர் இறங்குவார்கள் என்பதால் இந்தத் திருத்தத்தை எழுதுகிறோம்.

கால்சியம் குளோரைடு கடையில் இரண்டு வடிவில் கிடைக்கிறது. ஒன்றின் படிகத்துக்குள்ளேயே தண்ணீர் இருக்கும், அது டைஹைட்ரேட். மற்றது தண்ணீரே இல்லாத அன்ஹைட்ரஸ். டைஹைட்ரேட்டில் 132 கிராம் எடுத்தால் கிடைக்கும் கால்சியம், அன்ஹைட்ரஸில் 100 கிராமிலேயே கிடைத்துவிடும். அதோடு ஒன்று செதிலாக வரும், இன்னொன்று மணியாக வரும், வேறொன்று மாவாக வரும். மூன்றையும் ஒரே கரண்டியால் அள்ளினால் மூன்று எடை. 1 கிராம் துல்லியம் காட்டும் சமையலறைத் தராசு போதும்; அது இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

கடினப் பவளம் தன் எலும்புக்கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. அதற்குத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் (அமிலத்தைச் சமன்செய்யும் கார்பனேட் இருப்பு) ஏறத்தாழ மாறாத விகிதத்தில் எடுக்கிறது: ஆல்கலினிட்டியில் அதன் அலகான டிகேஎச் 1 குறைந்தால் கால்சியத்தில் சுமார் 7 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறையும். இயற்கைக் கடல்நீரில் கால்சியம் 410 முதல் 420 பிபிஎம், ஆல்கலினிட்டி ஏறக்குறைய 7 டிகேஎச், மெக்னீசியம் 1300 பிபிஎம் அளவில் இருக்கும். தொட்டியில் கால்சியம் 400 முதல் 450, ஆல்கலினிட்டி 7 முதல் 9, மெக்னீசியம் 1250 முதல் 1350 வரை இருந்தால் நல்லது. இந்த எல்லைக்குள் எந்த எண்ணில் நிற்கிறது என்பதைவிட, தினமும் அதே எண்ணில் நிற்கிறதா என்பதே பெரிது.

செய்முறைக்கு வருகிறோம். அமெரிக்க வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி பல ஆண்டுகளுக்கு முன்பே எல்லாருக்கும் பயன்படட்டும் என்று வெளியிட்ட இரு கரைசல் முறைதான் இது. அவர் கேலன் கணக்கில் சொன்னதை லிட்டருக்கு மாற்றியிருக்கிறோம்.

முதல் போத்தல் கால்சியம். 700 மில்லி ஆர்ஓ டிஐ தண்ணீரில் (சவ்விலும் பிசினிலும் வடிகட்டித் தாது நீக்கிய தண்ணீர்) 132 கிராம் டைஹைட்ரேட்டைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். தண்ணீர் சுடும், அது இயல்பு. உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், கண்ணாடிப் பாத்திரமும் வேண்டாம். ஆறிய பிறகு மொத்தம் 1 லிட்டர் வரும்வரை தண்ணீர் சேருங்கள். ‘ஒரு லிட்டர் தண்ணீரில் 132 கிராம்’ என்று செய்தால் கரைசல் நீர்த்துப்போய் இரண்டாவது போத்தலோடு கணக்கு ஒட்டாது.

இரண்டாவது போத்தல் ஆல்கலினிட்டி. இதற்கு நம் வீட்டு ஆப்பச்சோடா போதும். பேக்கிங் பவுடர் கூடாது. அதில் அமில உப்பும் மாவுச்சத்தும் கலந்திருக்கும். 157 கிராம் ஆப்பச்சோடாவை எவர்சில்வர் தட்டில் மெல்லப் பரப்பி, அவன் அடுப்பில் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். அலுமினியத் தட்டு வேண்டாம், காரம் அதை அரிக்கும். அவன் அடுப்பு இல்லாதவர்கள் அடிகனமான எவர்சில்வர் வாணலியில் சிறுதீயில் வறுக்கலாம். சூடேறியதும் மாவு தண்ணீர்போல் அலைபாயும். மேலே சின்னச் சின்னக் குழிகள் விழுந்து புஸ் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். வெளியேறுவது நீராவியும் கரியமில வாயுவும். குழிகள் நின்று மாவு அசையாமல் படுத்த பிறகு நிறுத்துப் பாருங்கள். 157 கிராம் 99 கிராமாக இறங்கியிருந்தால் வேலை முடிந்தது. 110 காட்டினால் இன்னும் வறுக்க வேண்டும். ஆறியதும் முன்போலவே கரைத்து, மொத்தம் 1 லிட்டர் ஆக்குங்கள். துகள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வறுத்த பிறகு அது ஆப்பச்சோடா இல்லை, சோடியம் கார்பனேட்.

எதற்கு இந்த வறுவல் என்றால், வறுத்த சோடா பிஎச் அளவைக் கூட்டும், வறுக்காதது சற்றுக் குறைக்கும். வீவக அடுக்குமாடி வீட்டில் சன்னலை மூடி ஏர்கான் போட்டுக்கொண்டு நான்கு பேர் தூங்கும் அறையில் கரியமில வாயு சேர்ந்து, தொட்டியின் பிஎச் விடியற்காலையில் 7.8க்குக் கீழே போவது சாதாரணம். அங்கே வறுத்ததுதான் உதவும். காற்றோட்டமான கூடத்தில் பிஎச் 8.4ஐத் தாண்டுகிறது என்றால் வறுக்காமல் போடலாம். ஆனால் ஆப்பச்சோடா அவ்வளவு எளிதில் கரையாது. லிட்டருக்கு 78 கிராமுக்கு மேல் முயல வேண்டாம். அப்போது கால்சியப் போத்தலையும் பாதியாக்கி 66 கிராமில் தயாரியுங்கள்.

செய்த கரைசல் சரிதானா என்பதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். 1 லிட்டர் ஆர்ஓ டிஐ தண்ணீரில் கால்சியக் கரைசல் 10 மில்லி சேர்த்துச் சோதனைக் கருவியில் பார்த்தால் 360 பிபிஎம் பக்கம் காட்ட வேண்டும். இன்னொரு லிட்டரில் வறுத்த சோடாக் கரைசல் 2 மில்லி சேர்த்தால் 10.5 டிகேஎச் பக்கம் வர வேண்டும். நம் ஊர் ஈரத்தில் கால்சியம் குளோரைடு பொட்டலத்தைத் திறந்து வைத்தால் மறுநாளே கசிந்து சேறாகிவிடும். அப்படி ஆனதை நிறுத்தால் பாதி எடை தண்ணீராக இருக்கக்கூடும். இந்தச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும்.

எந்தத் தரம் வாங்குவது என்பதில்தான் ஏமாறுகிறவர்கள் அதிகம். உணவுத் தரம் அல்லது ஆய்வுக்கூடத் தரம் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். துணி அலமாரியில் ஈரம் உறிஞ்ச வைக்கும் டப்பாவில் இருப்பதும் பெரும்பாலும் கால்சியம் குளோரைடுதான், உண்மை. ஆனால் அதில் என்ன வாசனை, என்ன கலப்பு என்று அட்டையில் இருக்காது. சலவைச் சோடாவும் அப்படியே. அதன் படிகத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரியாது, சலவைத்தூள் கலந்ததும் உண்டு.

தண்ணீர் விஷயத்தில் சமரசம் கிடையாது. சிங்கப்பூர்க் குழாய்நீரில் கிருமிநீக்கத்துக்குக் குளோரமைன் இருக்கிறது. வெயிலில் வைத்து மறுநாள் எடுத்தால் குளோரின் பறந்துவிடும் என்ற பழைய வழி இதற்குப் பலிக்காது. கரித்துகள் வடிகட்டி, ஆர்ஓ சவ்வு, டிஐ பிசின் மூன்றும் கடந்து கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 0 காட்டும் தண்ணீரையே எடுங்கள்.

அடுத்து, தினம் எவ்வளவு ஊற்றுவது? கட்டுரையில் ‘கால்சியத்தைச் சோதித்து அதற்கேற்ப’ என்றிருந்தது. அது நடைமுறைக்கு ஒத்துவராது. ஒரு நாளில் பவளம் எடுக்கும் கால்சியம் 3, 4 பிபிஎம்தான். வீட்டுக் கருவியில் ஒரு சொட்டுக்கே 10, 20 பிபிஎம் மாறும்போது அந்த 4 எப்படித் தெரியும்? ஆல்கலினிட்டியில் அதே மாற்றம் அரை டிகேஎச், அது தெளிவாகத் தெரியும். ஆகவே கரைசல் ஊற்றுவதை எல்லாம் நிறுத்திவிட்டு, இன்று மாலை 7 மணிக்கு ஆல்கலினிட்டி பாருங்கள். இரண்டு நாள் கழித்து அதே 7 மணிக்குப் பாருங்கள். 8.6 இருந்தது 7.6 ஆனால் ஒரு நாளுக்கு 0.5. வறுத்த சோடாக் கரைசல் 10 மில்லி, 100 லிட்டரில் 0.52 டிகேஎச் கூட்டும். 200 லிட்டர்த் தொட்டியில் பாறையும் மணலும் இடம் பிடித்தது போக 170 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், நாளுக்குச் சுமார் 16 மில்லி. கால்சியமும் அதே 16 மில்லி, கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். வாரம் ஒருமுறை ஆல்கலினிட்டி பார்த்து இரண்டு போத்தலையும் சேர்த்தே ஏற்றி இறக்குங்கள்.

கால்சியம் மட்டும் ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் அது தனிக் கணக்கு. அதே 170 லிட்டரில் 340ஐ 420 ஆக்க 380 மில்லி கால்சியக் கரைசல் தேவை. அதை ஐந்து நாளில் பிரித்து ஊற்றுங்கள், சோடாவை அதோடு கூட்டாதீர்கள். ஆல்கலினிட்டியை ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றக் கூடாது. கிளைப் பவளங்களின் நுனி வெந்ததுபோல் வெளுத்துத் தசை உரிவதற்கு அந்த அவசரம் ஒரு முக்கியக் காரணம்.

இரண்டு கரைசலையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் ஊற்றக் கூடாது. ஏன் என்று பார்க்க, ஒரு கண்ணாடிக் குவளையில் இரண்டிலிருந்தும் ஐந்தைந்து சொட்டு விடுங்கள். தெளிவாக இருந்த இரண்டும் சேர்ந்த கணத்தில் கஞ்சித் தண்ணீர்போல் வெளுத்து, சற்று நேரத்தில் அடியில் மாவாக இறங்கும். பவளம் எடுத்துக்கொள்ள வேண்டிய கால்சியமும் கார்பனேட்டும்தான் அப்படி வீணாகிறது. தொட்டியில் நடந்தால் அது மோட்டாரிலும் ஹீட்டரிலும் கல்லாக ஒட்டிக்கொள்ளும். சோடாவைக் காலையிலும் கால்சியத்தை இரவிலும், சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டித் தொட்டி) நீரோட்டம் வேகமான இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கரைசலைத் தானாக அளந்து விடும் டோசிங் பம்ப் இருந்தால் குறைந்தது அரை மணி இடைவெளி வையுங்கள்.

எவ்வளவு ஊற்றினாலும் ஆல்கலினிட்டி ஏறவில்லை, பம்ப்பெல்லாம் வெள்ளை படிகிறது என்றால் மெக்னீசியத்தைப் பாருங்கள். கால்சியம் கார்பனேட் தானாகப் படியாமல் தடுத்து வைப்பது அது. 100 லிட்டருக்கு 100 பிபிஎம் கூட்ட, மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 75 கிராமும் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) 10 கிராமும் கரைத்து இரண்டு நாளில் பிரித்து விடுங்கள். எப்சம் உப்பை மட்டுமே போட்டுக்கொண்டிருந்தால் சல்பேட் சேரும். செடிக்கு விற்கும் எப்சம் வேண்டாம், மருந்துக்கடையில் கிடைப்பதே நல்லது. மெக்னீசியம் குளோரைடு கரைசலை முதல்முறை பயன்படுத்துமுன் அம்மோனியா சோதனையும் செய்துவிடுங்கள். மெக்னீசியத்தை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

இந்த முறையில் ஒரு பின்விளைவு உண்டு, கட்டுரையில் அது விடுபட்டுவிட்டது. பவளம் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொண்டபின் மிச்சம் நிற்பது சோற்றில் போடும் உப்பு. இரண்டு கரைசலிலும் ஒவ்வொரு லிட்டர் தீரும்போது தொட்டியில் சுமார் 105 கிராம் சோடியம் குளோரைடு சேர்ந்திருக்கும். வாரம் ஒருமுறை உப்பளவு பாருங்கள்; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 விழுக்காடு தண்ணீர் மாற்றுங்கள். அயோடின், ஸ்ட்ரான்ஷியம் போன்ற நுண்தாதுக்களையும் அந்த மாற்று நீரே கொண்டுவந்துவிடும். அவற்றை வீட்டில் தயாரிக்க முயல்வதை நாங்கள் ஆதரிக்கவில்லை. மைக்ரோகிராம் கணக்கைச் சமையலறைத் தராசு காட்டாது.

முட்டை ஓடு, கிளிஞ்சல், உடைந்த பவளத் துண்டு ஆகியவற்றைத் தொட்டியில் போட்டால் கால்சியம் ஊறும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. பிஎச் 8க்கு மேல் உள்ள கடல்நீரில் அவை கரைவதே இல்லை. அதற்காக நம் தென் தீவுகளின் கரையில் பவளத் துண்டு பொறுக்குவதை நினைத்தால் மனம் வலிக்கிறது. அது தொட்டிக்கும் உதவாது, கரைக்கும் இழப்பு. கடினப் பவளங்கள் அனைத்துலக உயிரின வணிக ஒப்பந்தமான சைட்டஸின் இரண்டாம் இணைப்பில் உள்ளவை. உயிருள்ள பவளம் வாங்கும்போதும் முறையாக இறக்குமதியானதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

சிறு தொட்டிக்குச் சுண்ணாம்புத் தெளிநீர் இன்னும் மலிவு. 1 லிட்டர் ஆர்ஓ டிஐ தண்ணீரில் 1.5 கிராம் உணவுத்தரக் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கலக்கி, மூடி, சில மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் எடுங்கள். அடியில் தங்கும் வண்டலில்தான் உலோக அழுக்கு இருக்கும். பிஎச் 12க்கு மேல் உள்ள நீர் இது. ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக, இரவில் சொட்டாக மட்டுமே விட வேண்டும். ஒரு குவளையை மொத்தமாகக் கவிழ்த்தால் சிறு தொட்டியில் மீன் செத்துப்போகும். தேக்கா கடைகளில் வெற்றிலைக்கு விற்கும் சுண்ணாம்பை எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இளஞ்சிவப்பாக இருப்பதை எடுக்கவே கூடாது. ஆரத்தித் தட்டில் நாம் பார்ப்பதுபோல, மஞ்சள் சேர்ந்ததால் வந்த சிவப்பு அது. வெள்ளையிலும் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாதபோது விட்டுவிடுங்கள்.

கட்டுரையோடு வந்த படத்தில் கரைசல்கள் குடிநீர்ப் போத்தல்களில் இருந்தன. தயவுசெய்து அடுத்த இதழில் அதையும் திருத்துங்கள். மூன்றுமே பார்வைக்குத் தண்ணீர்போலத்தான் இருக்கும். சோடாவும் சுண்ணாம்பு நீரும் வாயையும் கண்ணையும் புண்ணாக்கும். வேறு வடிவப் போத்தலில் ஊற்றி, பெயரும் தயாரித்த தேதியும் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கடல்நீர்த் தொட்டி வளர்க்கும் வாசகர்கள்,
சிங்கப்பூர்