கோவ் துறைமுகத்திலிருந்து

கண்ணம்மா,

எதிர்வீட்டு அத்தையின் வீட்டுக்கு வந்து நாலு நாளாகிறது. அயர்லாந்தின் கார்க் நகரிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. இறங்கினால் எதிரே கடல். 1849-இல் விக்டோரியா மகாராணி வந்ததும் ஊருக்கு குயின்ஸ்டவுன் என்று பெயர் மாற்றினார்களாம். விடுதலைப் போராட்டக் காலத்தில் மறுபடி கோவ் ஆக்கிவிட்டார்கள்.

அத்தை வீடு மேட்டில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தேவாலயத்தின் மணியோசை. 49 மணிகளாம், ராகம் வாசிக்கிற மாதிரி இருக்கிறது. அத்தை இன்னும் அதே மிளகு ரசம்தான் வைக்கிறாள். உன்னை விசாரித்துக்கொண்டே பரிமாறினாள்.

நேற்று படகுத்துறைக்கு அழைத்துப் போனார்கள். பழைய மரத்தூண்கள் மட்டும் தண்ணீரில் நிற்கின்றன. 1912 ஏப்ரல் 11 அன்று டைட்டானிக் கப்பலில் 123 பேர் இந்த ஊரிலிருந்துதான் ஏறினார்கள். கப்பல் துறைமுக வாயிலிலேயே நின்றுவிட்டது. சின்னப் படகுகளில் கொண்டுபோய் ஏற்றியிருக்கிறார்கள்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது டைட்டானிக் இல்லை. 1840-களின் பெரும் பஞ்ச காலத்திலிருந்து நூறு வருடத்தில் இந்தத் துறை வழியாக 25 லட்சம் பேர் அயர்லாந்தை விட்டுப் போயிருக்கிறார்கள். பிள்ளை புறப்படுவதற்கு முந்தின ராத்திரி சொந்தபந்தமெல்லாம் கூடி, இழவு வீட்டில் போல விடிய விடிய விழித்திருப்பார்களாம். 'அமெரிக்கன் வேக்' என்று பெயர். பாட்டு, ஆட்டம், நடுவில் ஒப்பாரி. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி! இனி முகம் பார்க்கப் போவதில்லை என்று அந்தத் தாய்க்குத் தெரியும்.

பக்கத்திலேயே ஆனி மூர் என்ற பெண்ணுக்குச் சிலை இருக்கிறது, இரண்டு தம்பிகளோடு. 1892 ஜனவரி 1-இல் அமெரிக்காவில் குடியேற வருகிறவர்களைப் பதிவு செய்ய நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் திறந்த நிலையத்தில் முதலாவதாக இறங்கியவள். வயது 17. அவளுடைய அப்பா அம்மா முன்னாடியே அங்கே போய்விட்டார்கள். பிள்ளைகள் அவர்களைத் தேடிப் போனார்கள். இதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

நீ போன அன்று விமான நிலையத்தில் நான் அழவில்லை என்று உனக்கு வருத்தம். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கதவருகே ஒரு மணி நேரம் நின்றேன். இதை உன்னிடம் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. கேமராவைப் போட்டுக்கொண்டு பேசு. போன வாரம் உன் முகமே தெரியவில்லை.

அம்மா