பெயர் கேட்க மறந்துபோன அக்காவுக்கு

அம்மாவின் மூளை ரத்தக்குழாயில் பலூன் மாதிரி ஒரு வீக்கம், அனியூரிசம் என்றார்கள். மண்டையைத் திறக்காமலே சரிசெய்யலாம் என்று டாக்டர் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. பக்கத்தில் காத்திருந்த நீங்கள்தான், உங்களுக்கும் இதையே செய்தார்கள் என்று சொல்லி, ஒரு துண்டுச்சீட்டில் படம் போட்டீர்கள்: தொடை இடுக்கில் சின்னத் துளை, அதன் வழியே கதீட்டர் என்கிற சின்னக் குழாயை மூளை வரை செலுத்தி, மெல்லிய பிளாட்டினச் சுருளை வீக்கத்துக்குள் அடைப்பார்கள், உள்ளே ரத்தம் உறைந்துவிடும், அப்புறம் வெடிக்கிற அபாயம் வெகுவாகக் குறையும். 1990களிலிருந்தே செய்கிறார்கள் என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது. "முடிந்ததும் சில மணி நேரம் காலை மடக்காமல் படுக்கணும், அதுதான் தொல்லை" என்று சிரித்தீர்கள். அம்மாவும் அதைத்தான் திட்டினார்! ரத்தக்குழாயைப் படமெடுக்கிற மறுபரிசோதனை ஆஞ்சியோவைத் தவறவிடாதே என்றீர்களே, நேற்று எடுத்தோம், சுருள் அப்படியே இருக்கிறது. ரொம்ப நன்றி அக்கா. அந்தச் சீட்டு இன்னும் என் பையில்.