தேநீரில் உப்பு கைதவறி விழுந்ததல்ல

நம் திபெத்திய-நேபாள உணவகத்துக்கு வந்துபோகும் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் மழை பெய்த ஒரு மாலையில் வயதான தம்பதி ஜன்னலோர மேசையில் அமர்ந்து திபெத்தியத் தேநீர் கேட்டார்கள். கொண்டுபோய் வைத்தோம். அந்த அம்மா ஒரு வாய் குடித்தார். கோப்பையை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு, பரிமாறிய பையனை அருகில் அழைத்து, பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "தம்பி, சர்க்கரைக்குப் பதிலா உப்பு விழுந்திருச்சு போல. பரவாயில்ல, உள்ளே இருக்கிறவங்களை யாரும் திட்டிடாதீங்க."

அவர் அவ்வளவு பெருந்தன்மையாகச் சொன்னதுதான் எங்களை உறுத்தியது. சமையலறையில் தவறு எதுவும் நடக்கவில்லை. உணவுப் பட்டியலில் 'திபெத்தியத் தேநீர்' என்று இரண்டே சொற்களை எழுதிவிட்டு மற்றதை விட்டுவிட்டோம். தவறு அங்கேதான். அதில் வெண்ணெயும் உப்பும் சேரும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்த அம்மா ஆசையாகக் கேட்டது பாதியில் நின்றிருக்காது. அந்த வரியை இப்போது சேர்த்துவிட்டோம். பட்டியலில் அடங்காத மற்ற விளக்கங்களை இந்த மடலில் சொல்லிவிடுகிறோம்.

முதலில் தேநீர். இதன் பெயர் போ-சா. 'போ' என்றால் திபெத், 'சா' என்றால் தேநீர். திபெத்தின் உயரமான பகுதிகளில் தேயிலை விளைவதில்லை. சீனாவின் யுன்னான், சிச்சுவான் மலைகளிலிருந்து செங்கல்போல் அழுத்திக் கட்டிய தேயிலை பல நூற்றாண்டுகளாகக் கோவேறு கழுதைகளிலும் ஆட்களின் முதுகிலும் ஏறி வந்தது. அதற்கு மாற்றாகத் திபெத்தின் குதிரைகள் போயின. அப்படி வந்த தேயிலையை நெடுநேரம் கொதிக்கவைத்துக் கருஞ்சாறாக எடுத்து, வெண்ணெயும் உப்பும் சேர்த்து, ஆளின் இடுப்பளவு உயரமுள்ள மரக்குழாயில் கடைவார்கள். எங்களிடம் மரக்குழாய் இல்லை, மிக்ஸியில்தான் அடிக்கிறோம். திபெத்தியர் வீடுகள் பலவற்றிலும் இன்று அப்படித்தான். வெண்ணெயும் இங்கே பசுவின் வெண்ணெய்தான். யாக் என்னும் சடைமாட்டின் வெண்ணெய் கிடைக்குமா என்று சிலர் கேட்கிறீர்கள். யாக் என்பது ஆண் விலங்கின் பெயர். பால் கொடுக்கும் பெண் விலங்கை திபெத்தியர்கள் 'ட்ரி' என்பார்கள். எங்கள் சமையலறையின் மூத்தவரான அமா-லா இந்தத் திருத்தத்தை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. ('அமா' என்றால் அம்மா; 'லா' மரியாதைக்குச் சேர்ப்பது. நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைக்கிறோம். நீங்களும் அப்படியே அழைக்கலாம்.)

இதைத் தேநீர் என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். சூடான ரசத்தைக் குடிப்பதுபோல் குடித்துப் பாருங்கள். ஆறவிட்டால் வெண்ணெய் தனியே மிதக்கும், அதனால் சூட்டோடு குடித்துவிடுவது நல்லது. நீங்கள் இரண்டு வாய் குடித்ததும் வந்து கோப்பையை நிரப்புவோம். விருந்தாளியின் கோப்பை குறைந்திருக்கக் கூடாது என்பது திபெத்தியர் வழக்கம். போதும் என்றால் நிரம்பிய கோப்பையை அப்படியே விட்டுவைத்தால் எங்களுக்குப் புரிந்துவிடும். முழுக் கோப்பை கேட்கத் தயங்குபவர்களுக்கு இனி கால் கோப்பை சும்மாவே தருவோம். பிடித்தால் மேற்கொண்டு கேளுங்கள். பிடிக்காவிட்டால் இனிப்புத் தேநீர் போட்டுத் தருகிறோம். திபெத்தின் தலைநகரான லாசாவின் தேநீர்க் கடைகளிலும் பாலும் சர்க்கரையும் சேர்த்த தேநீர் உண்டு, ஆகவே அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அந்த உப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'திபெத்தியச் சாப்பாடும் நேபாளச் சாப்பாடும் ஏன் ஒரே கடையில்' என்று அடிக்கடி கேட்கிறீர்கள். எங்களைப் பொறுத்தவரை அதற்கான விடை உப்பில்தான் தொடங்குகிறது. வடதிபெத்தின் சாங்தாங் பீடபூமியில் உப்பு ஏரிகள் இருக்கின்றன. அங்கே எடுத்த உப்பை யாக்குகளின் முதுகிலும், ஆடுகளின் முதுகில் சிறு பைகளாகக் கட்டியும் தெற்கே கொண்டுவந்து, நேபாளத்தின் தானியத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். மேலே தானியம் குறைவு, கீழே உப்பு இல்லை. இமயமலையைப் பிளந்துகொண்டு இறங்கும் காளி கண்டகி ஆற்றின் பள்ளத்தாக்கு இந்த வணிகத்தின் பெரிய வழிகளில் ஒன்று. அங்கே வாழும் தகாலி மக்கள் உப்பு வணிகத்தில் பெயர் பெற்றவர்கள். வழிப்போக்கருக்குச் சோறு போடும் விடுதிகளையும் அவர்களே நடத்தினார்கள். 1959-இல் தலாய் லாமா லாசாவை விட்டு வெளியேறியதைத் தொடர்ந்து எல்லை இறுகி, பழைய உப்பு வணிகம் ஒடுங்கியது. தகாலிகள் பலர் பொக்காராவுக்கும் காட்மாண்டுவுக்கும் இறங்கிவந்து உணவகம் திறந்தார்கள். இன்று நேபாளத்தில் நல்ல சோறு எங்கே கிடைக்கும் என்று கேட்டால் தகாலி கடையைத்தான் பலரும் காட்டுவார்கள்.

எங்கள் சமையலறையில் தால்-பாத் (பருப்பும் சோறும்) சமைக்கும் தீதி (நேபாளியில் அக்கா) அந்தத் தகாலிக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். அமா-லா பிறந்தது இந்தியாவிலுள்ள ஒரு திபெத்தியக் குடியிருப்பில். அவர் லாசாவைப் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெந்துக் என்ற நூடுல்ஸ் சூப் செய்யக் கற்றுக்கொடுத்த பாட்டிதான் மலையைத் தாண்டி வந்தவர். இரண்டு அடுப்புகளுக்கு நடுவே நாலடி இடைவெளிதான் இருக்கிறது. ஒருவர் ஜிம்பு என்ற வாசனை இலையைத் தாளிக்கும் நெடியில் இன்னொருவர் மாவு பிசைகிறார். நான் கல்லாவில் உட்கார்ந்து இதைத் தினமும் பார்க்கிறேன். இந்த இரண்டு பேரின் கைப்பக்குவத்தையும் நீங்கள் சரியாகப் புரிந்துகொண்டு சாப்பிட வேண்டும் என்ற ஆசையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அடுத்து, காத்திருக்கும் நேரம். எங்கள்மேல் உள்ள குறைகளில் பெரியது இதுதான், நியாயமானதும்கூட. மோமோ (பூரணம் வைத்து ஆவியில் வேகவைக்கும் மாவுக் கொழுக்கட்டை) வர இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. முன்கூட்டியே மடித்து வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கிறீர்கள். ஒருமுறை செய்து பார்த்தோம். பூரணத்தில் வெங்காயமும் இஞ்சியும் உப்பும் இருக்கின்றன. உப்புப் பட்ட வெங்காயம் நீர்விடும். மடித்து அரைமணி நேரம் வைத்தாலே அந்த நீர் அடிமாவை ஊறவைத்துவிடும். ஆவியில் ஏற்றியதும் அடிப்பாகம் தட்டோடு ஒட்டிக்கொண்டு கிழியும், உள்ளே இருக்கும் சாறு முழுவதும் சட்டித் தண்ணீரில் போய்விடும். மோமோவின் உயிரே அந்தச் சாறுதான். அதனால் மாவு மட்டும் முன்பே பிசைந்து ஈரத்துணி மூடி ஊறுகிறது. நீங்கள் கேட்ட பிறகுதான் அமா-லா வட்டமாகத் தேய்க்கத் தொடங்குவார். நடுவில் தடிமனாகவும் ஓரம் மெல்லியதாகவும் தேய்த்து, பூரணத்தை வைத்து, சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோல விளிம்பைச் சுற்றி மடித்துக்கொண்டே வந்து உச்சியில் ஒரு திருகு. அதன்பின் ஆவியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்.

மோமோ வந்ததும் முழுதாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டாம். நாக்கு வெந்துவிடும். ஓரத்தில் சின்னதாகக் கடித்து, சாற்றை உறிஞ்சிவிட்டு, பிறகு மீதியைத் தொக்கோடு சாப்பிடுங்கள். கையால் எடுத்தாலும் கரண்டியால் எடுத்தாலும் சரிதான், முள்கரண்டியால் குத்தினால் மட்டும் சாறு தட்டில் ஓடிவிடும்.

பட்டியலில் திபெத்திய மோமோ, நேபாள மோமோ என்று இரண்டு இருப்பதற்கும் காரணம் உண்டு. லாசாவுக்குப் போய் வணிகம் செய்த காட்மாண்டு நேவார் மக்கள் இந்தப் பண்டத்தை ஊருக்குக் கொண்டுவந்தார்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். வந்த இடத்தில் அது ஊர்க்காரனாகிவிட்டது. சீரகம், கொத்தமல்லி, மசாலா எல்லாம் பூரணத்தில் ஏறின. தக்காளியும் வறுத்த எள்ளும் அரைத்த ஆச்சார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நேபாளத்தில் பசுவை வெட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை, அங்கே எருமை இறைச்சி மோமோதான் வெகு பிரபலம். நாங்கள் கோழி, ஆடு, காய்கறி ஆகிய மூன்றில் மட்டும் செய்கிறோம். காய்கறி மோமோவுக்குத் தனிச் சட்டி, தனித் தட்டு. சைவக்காரர்கள் பலர் இதைக் கேட்கத் தயங்கி, சாப்பிடாமலே எழுந்து போனதாகப் பிறகு தெரிந்தது. தயங்காமல் கேளுங்கள், உள்ளே வந்து பார்க்க வேண்டுமானாலும் வாருங்கள்.

பொட்டலம் வாங்கிப் போகிறவர்களுக்கு ஒன்று. மூடிய டப்பாவுக்குள் மோமோ வியர்க்கும். வீட்டுக்குப் போனதும் முதலில் மூடியைத் திறந்துவிடுங்கள். சூடுபடுத்த வேண்டியிருந்தால் ஆவியில் மூன்று நிமிடம் வையுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் மாவு தோல்போல் இறுகிவிடும்.

தெந்துக் சப்பென்று இருக்கிறது என்று எழுதியவர்களுக்கு அமா-லாவின் சார்பில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 'தென்' என்றால் இழுப்பது, 'துக்' என்றால் நூடுல்ஸ் சூப். பட்டையாக உருட்டிய மாவைக் கொதிக்கும் சாற்றின் மேலேயே கையால் இழுத்து, பெருவிரல் அகலத்துக்குப் பிய்த்துப் போடுவார்கள். இது குளிரில் வெளியே போய்வந்த உடம்புக்கான சாப்பாடு. எலும்பும் முள்ளங்கியும் கீரையும் வெந்த சாற்றின் மணம் தெரிய வேண்டும் என்பதற்காகவே காரத்தை உள்ளே போடுவதில்லை. காரம் மேசையில், அந்தச் சிவப்புக் கிண்ணத்தில் இருக்கிறது. அதன் பெயர் செபென். வற்றல் மிளகாயும் பூண்டும் சேர்ந்தது. நாலு கரண்டி சும்மா குடித்துப் பார்த்துவிட்டு, பிறகு உங்கள் அளவுக்குக் கலந்துகொள்ளுங்கள். வந்ததும் வராததுமாகக் கிண்ணத்தைக் கவிழ்ப்பவர்களைப் பார்க்கும்போது அமா-லாவின் முகம் எப்படி ஆகிறது என்பது எனக்குத்தான் தெரியும்.

டிங்மோவும் இதேபோல்தான். மடிப்பு மடிப்பாக வெந்த அந்த வெள்ளை ரொட்டியைத் தனியாகச் சாப்பிட்டால் வறட்சியாகத்தான் இருக்கும். குழம்பைத் தொட்டு உறிஞ்சவே அது பிறந்தது. அதைத் தனியாகக் கேட்டால், கண்ணாடி நூடுல்ஸ் போட்ட ஃபிங் குழம்பு ஒன்றையும் சேர்த்துச் சொல்லச் சொல்லி இனி நாங்களே நினைவூட்டுவோம். விற்பனைக்காகச் சொல்கிறோம் என்று எண்ண வேண்டாம்.

ஆச்சாரில் நாக்கு மரத்துப்போகிறது, ஏதோ ஒவ்வாமை என்று பயந்தவர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. அது திமூர் செய்யும் வேலை. பார்க்க மிளகுபோல் இருந்தாலும் மிளகின் இனமல்ல, எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முள்செடியின் காய்த்தோல். முதலில் எலுமிச்சை மணம், அடுத்த நொடியில் நாக்கு நுனியில் ஒரு சிலிர்ப்பு. சில நிமிடத்தில் அது அடங்கிவிடும். அடங்காமல் உதடு வீங்கினாலோ தொண்டை இறுகினாலோ அது திமூரின் இயல்பு அல்ல. உடனே எங்களிடம் சொல்லுங்கள், மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்வோம். எங்கள் பண்டங்களில் கோதுமையும் எள்ளும் நிறைய இருக்கின்றன. இவை ஒத்துக்கொள்ளாதவர்கள் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டால், ஆச்சாரையும் மோமோவையும் தவிர்த்துத் தீதி சோறும் பருப்பும் பரிமாறுவார்.

அந்தச் சோறும் பருப்பும்தான் இந்தக் கடையில் அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது என்பது என் வருத்தம். எல்லோரும் மோமோவுக்கு வருகிறீர்கள். தீதியின் தால்-பாத்துக்கு ஒருநாள் வாருங்கள். நெய்யில் ஜிம்பு தாளித்த கறுப்புப் பருப்பு. ஜிம்பு என்பது நேபாளத்தின் முஸ்தாங் பக்கத்து மலைகளில் விளையும், வெங்காய இனத்தைச் சேர்ந்த ஒரு செடி. உலர்ந்த நிலையில் பார்த்தால் வைக்கோல்போல் இருக்கும், நெய்யில் பட்டதும் கடை முழுவதும் மணக்கும். கூடவே குந்துருக், கடுகுக் கீரையை வாடவிட்டு, அமுக்கிப் புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்தது. பச்சைக் கீரை கிடைக்காத மாதங்களுக்காகக் கண்டுபிடித்த பண்டம் அது. சோறும் பருப்பும் கறியும் எத்தனை முறை கேட்டாலும் வரும், கூடுதல் பணம் கிடையாது. நேபாளத்தில் அதுதான் முறை. இரண்டாம் முறை கேட்காமல் எழுந்தால் சாப்பாடு பிடிக்கவில்லையோ என்று தீதி என்னிடம் வந்து விசாரிக்கிறார்.

மீன் ஏன் இல்லை என்ற கேள்விக்குச் சுருக்கமாக ஒரு பதில். ஒரு யாக்கின் உயிர் பல குடும்பங்களுக்குப் பல நாள் சோறு. ஒருவேளைச் சாப்பாட்டுக்கே பல மீன்களின் உயிர் போகும். அதனால் மீனைத் தவிர்ப்பது பழைய திபெத்தியப் பழக்கம். அமா-லா அதை விடாமல் காப்பாற்றுகிறார், நாங்களும் அவரை வற்புறுத்துவதில்லை.

இடம் சிறியது. ஏழே மேசைகள். சனி, ஞாயிறு மாலைகளில் வருவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். சாப்பிட்டு முடித்தவர்களை நாங்கள் எழுப்புவதில்லை. வெளியே யாராவது நின்றுகொண்டிருப்பது கண்ணில் பட்டால் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கை எங்களுக்கு இருக்கிறது.

கடைசியாக ஓர் அழைப்பு. திபெத்திய நாட்காட்டியில் ஆண்டின் கடைசி மாதம் 29-ஆம் நாள் இரவு, லோசர் புத்தாண்டுக்கு முன்பாக, குதுக் என்ற சூப் செய்வார்கள். 'கு' என்றால் ஒன்பது; ஒன்பது பொருள்கள் சேரும். ஒவ்வொருவர் கிண்ணத்திலும் பெரிய மாவு உருண்டை ஒன்று இருக்கும். பிட்டுப் பார்த்தால் உள்ளே ஏதாவது ஒளிந்திருக்கும். மிளகாய் வந்தால் வாயாடி, கரி வந்தால் கறுத்த மனசு, கம்பளி வந்தால் இளகிய மனசு என்று சொல்லிச் சிரிப்பார்கள். கரியையும் கம்பளியையும் சாப்பாட்டில் வைக்காமல், காகிதத்தில் பெயர் எழுதி உருண்டைக்குள் மடித்து வைக்கப் போகிறோம். அன்று ஒரே பந்திதான், இருபத்தெட்டுப் பேருக்கு. நாள் நெருங்கியதும் கதவில் அறிவிப்பு ஒட்டுவோம். ஜன்னலோர மேசையில் இரண்டு இடங்களை மட்டும் அந்த மழை நாள் தம்பதிக்காக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார் அமா-லா. அவர்களைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கல்லாவிலிருந்தும் இரண்டு அடுப்புகளின் பக்கத்திலிருந்தும்,
உங்கள் உணவகத்தார்