பைசனைத் தேடும் கான்ஃபிகர்

தருமபுரி,
ஞாயிறு

அன்புள்ள குமரேசா,

நலம். கிருஷ்ணகிரியில் மண்டிக்கு மண்டி மாங்காய் இறங்கும் நேரத்தில் நீ இலக்கண விதிகளிலிருந்து பாகுபடுத்தி நிரலை உருவாக்கித் தரும் பைசன் கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாய். அதன் 3.8 பதிப்பைப் போட்ட பிறகும், மென்பொருளைக் கட்டுவதற்கு முன் தேவையான கருவிகளைக் கணினியில் தேடும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் பழைய 3.0-வையே பிடிக்கிறது என்றால் ஸ்கிரிப்ட்டைத் திட்டிப் பயனில்லை.

கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் மாறியில் இருக்கும் டைரக்டரிகளை அது இடமிருந்து வலமாகத் தட்டிக்கொண்டே போகும். பைசன் என்ற பெயரில், இயக்க அனுமதியோடு ஒரு கோப்பு கிடைத்ததும் நின்றுவிடும். எந்தப் பதிப்பு என்ற கேள்வி, கேட்டால், அதற்கப்புறம்தான். பெங்களூரா மாங்காய் வாங்கப் போனவன் முதல் மண்டியில் கண்ட செந்தூராவைத் தூக்கி வந்த கதை. நீ புதிய பைசன் இருக்கும் /ஆப்ட்/பைசன்/பின்-ஐப் பாத்தின் வாலில் ஒட்டியிருக்கிறாய். பழையது இருக்கும் /யூஎஸ்ஆர்/பின் அதற்கு முன்னால் நிற்கிறது. தலையில் சேர்.

இல்லாவிட்டால் கான்ஃபிகர் கட்டளைக்குப் பின்னாலேயே பைசன்=/ஆப்ட்/பைசன்/பின்/பைசன் என்று எழுதிவிடு. மாறியின் பெயர் பெரிய எழுத்தில். பாதை முழுசாக இருக்கட்டும். கான்ஃபிகருக்குள் இந்தத் தேடலைச் செய்யும் ஏசி_பாத்_ப்ராக் மேக்ரோ, ஸ்லாஷில் தொடங்காத மதிப்பைச் சட்டை செய்யாமல் பழையபடி பாத்திலேயே தேடப் போய்விடும். ஓர் எச்சரிக்கைகூட வராது, அதுதான் எரிச்சல்.

கான்ஃபிகரை மைனஸ் பெரிய சி போட்டு ஓட்டியிருந்தால், விடைகளைச் சேமித்து வைக்கும் கான்ஃபிக்.கேஷ் கோப்பை முதலில் அழி. பழைய விடை அதில் உட்கார்ந்திருக்கும். சீமேக் என்ற இன்னொரு கட்டுமானக் கருவியிலும் இதே தொல்லை உண்டு: அதன் ஃபைண்ட்_ப்ரோக்ராம் கட்டளை ஒருமுறை கண்டதை சீமேக்கேஷ்.டிஎக்ஸ்டி-யில் எழுதிவிட்டு மறுபடி தேடாது. கிடைக்காமல் போனதை மட்டும் அடுத்த ஓட்டத்தில் திரும்பத் தேடும்.

உன் இன்னொரு பிழை, 'எதிர்பாராத டோக்கன்' என்று ஷெல் கத்துவது, வேறு சங்கதி. கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டை உருவாக்கும் ஆட்டோரீகான்ஃப் ஓடியபோது பிகேஜி.எம்4 கோப்பு அந்தக் கணினியில் இல்லை. அதனால் பிகேஜி_செக்_மாட்யூல்ஸ் மேக்ரோ ஷெல் கட்டளைகளாக விரியாமல் அப்படியே ஸ்கிரிப்ட்டில் தங்கிவிட்டது. அந்தக் கோப்பைத் தரும் பிகேஜி-கான்ஃபிக் நிறுவி, ஆட்டோரீகான்ஃப் மைனஸ் எஃப்ஐ ஓட்டு. அதன் பிறகு லிப்எக்ஸ்எம்எல்-2.0 நூலகம் காணோம் என்றால் உபுண்டுவில் லிப்எக்ஸ்எம்எல்2-டெவ் போட வேண்டும்; பிகேஜி-கான்ஃபிக் தேடும் .பிசி கோப்பு அதில்தான் வருகிறது.

கான்ஃபிகரை, நிர்வாகி உரிமை தரும் சுடோ வைத்து ஓட்டாதே, அங்கே பாத்தே வேறாக இருக்கலாம். கடைசியில் நிறுவும் மேக் இன்ஸ்டாலுக்கு மட்டும் சுடோ போதும்.

இதற்கும் மசியவில்லை என்றால் கான்ஃபிகர் எழுதிவைக்கும் கான்ஃபிக்.லாக் கோப்பை அனுப்பு. மேலே 'பாத்:' வரிகளும், கீழே ஏசி_சிவி_பாத்_பைசன் வரியும் இருந்தால் போதும்.

அன்புடன்,
செல்வம்