மரங்களின் இழப்பு ஒரு வரிச் செய்தி அல்ல

ஆசிரியருக்கு,

புயல் கரையைக் கடந்த மறுநாள், சாய்ந்த மரங்கள் செய்தியில் ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றன. இது வேதனை தருகிறது.

காற்றின் வேகம் இரு மடங்கானால் மரத்தைத் தாக்கும் விசை நான்கு மடங்காகிறது. கடல் சூடேறச் சூடேறப் புயல்கள் வலுப்பெறுவதோடு மழையையும் கூடுதலாகக் கொட்டுகின்றன. ஊறிய மண்ணில் வேர் பிடிப்பை இழக்கிறது. 2017இல் மரியா புயல் தாக்கிய கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் காடுகளில், முந்தைய பெரும்புயல்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு மரங்கள் மடிந்ததாக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். முன்பு தாக்குப்பிடித்த வைரம் பாய்ந்த மரங்களும் அதில் முறிந்தன. கரியை (கார்பனை) அதிகம் சேமித்து வைப்பவை இத்தகைய மரங்களே. அவை மட்கும்போது அந்தக் கரி மீண்டும் காற்றில் கலக்கிறது.

காடாவது, விட்டுவைத்தால் தானே மெல்ல எழும். உழவர் என்ன செய்வார்? 2013இல் ஹையான் புயல் பிலிப்பைன்ஸில் கோடிக்கணக்கான தென்னைகளை அழித்தது. நெட்டைத் தென்னங்கன்று காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். மரம் ஏறுபவர், மட்டை உரிப்பவர், கயிறு திரிப்பவர், குத்தகைக்குப் பயிரிடுபவர் ஆகியோருக்கு நிலப்பட்டா இல்லாததால் இழப்பீட்டுப் பட்டியலில் பெயரும் இருப்பதில்லை.

மரத்துக்கு இவ்வளவு என ஒருமுறை கொடுத்து முடிப்பது போதாது. புதிய கன்று காய்க்கும் வரை ஆண்டுதோறும் உதவித்தொகை, ஊடுபயிருக்கு விதை, கடன் தவணைக்கு அவகாசம் ஆகியவற்றை அரசுகள் நிவாரண விதிகளிலேயே சேர்க்க வேண்டும். தோட்டத்தை நம்பிக் கூலி வேலை செய்பவர்களையும் கணக்கெடுப்பில் சேர்க்க வேண்டும்.